அரிசி தின்ற கல்யாணப் பெண்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். கோவில் மண்டபத்தில் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு, அதன் முதுகில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் உட்காரும் வரிசை அது. நான் பெண்ணுக்கு அத்தையுமில்லை, சித்தியுமில்லை... எதிர் வீட்டுக்காரி. அவ்வளவுதான்.

"ஆண்ட்டிய முன்னாடி உக்கார வைங்க. நான் என்ன பண்றேன்னு அவங்க பாக்கணும்" — மணப்பெண்ணின் உத்தரவாம்.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பின்னால் யாரோ, "பொண்ணு அரிசி தின்னிருக்கும் லா" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றால் முதல் ஆளாகச் சிரித்திருப்பேன்.

உங்களுக்கும் தெரிந்த பேச்சுதான். பச்சை அரிசியை அள்ளித் தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும். அரிசி டின்னுக்குள் கை விட்ட பெண்பிள்ளைகள் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். எதற்காகச் சொன்னார்களோ... அரிசி மிச்சமாகட்டும் என்றா, வயிறு வலிக்கும் என்றா, தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இந்தப் பெண் ஏன் அரிசி தின்கிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சமையலறையில் குப்பை கொட்டியவள் நான். எந்த வார்டுக்கு உப்பில்லாத சாப்பாடு, யாருக்குச் சர்க்கரை கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

மணப்பெண் பெயர் தாரணி. "பேரப் போட்டே எழுதுங்க ஆண்ட்டி, எனக்கென்ன வெக்கம்" என்று அவளே சொன்னதால் போடுகிறேன். எங்கள் பிளாட்டில் எட்டாவது மாடியில் எனக்கு எதிர் வீடு. அவள் அம்மா கமலாவும் நானும் இருபது வருஷமாகக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கத்திப் பேசிக்கொள்கிறவர்கள்.

தாரணி பார்க்கும் வேலையை நான் முதலில் நம்பவே இல்லை. இங்கே மலாய் நாட்டில், எங்கள் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கிறார்கள் அல்லவா? கீழே கடை, மேலே வீடு என்று நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும் கட்டடங்கள். அவற்றின் மரக்கதவிலும் ஜன்னல் பலகையிலும் பெயிண்ட் மேல் பெயிண்ட்டாக அடித்து வைத்திருப்பார்கள். தாரணி ஒரு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு அதை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டுவாள். மேலே வெள்ளை. அதற்கடியில் பச்சை. அப்புறம் ஒரு காவி, ஒரு நீலம்... கடைசியில் முதன்முதலில் அடித்த நிறம் வரும். அந்த நிறத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக் குறித்துக் கொடுப்பாள். பிறகு கதவு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து அதே நிறத்துக்குக் கொண்டு வருவார்கள்.

"சுரண்டுறதுக்கா உங்கம்மா உன்னைப் படிக்க வச்சா?" என்று நான் கேலி செய்வேன். "ஆமா ஆண்ட்டி, ஆனா எல்லாருக்கும் சுரண்ட வராது" என்பாள். திமிர் பிடித்தவள். எனக்குப் பிடிக்கும்.

அவள் கையில் எப்போதும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே அரிசி. பஸ்ஸுக்கு நிற்கும்போது நாலு, லிப்டில் நாலு, டிவி பார்க்கும்போது ஒரு கைப்பிடி. இதில் அவளுக்கு ருசி வேறு உண்டு. சியாம் அரிசி ஆகாது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் விற்கும் பொன்னிதான் வேண்டும். அதிலும் பழைய மூட்டையாக இருந்தால் விசேஷம். மென்று பார்த்தே புதுசா பழசா என்று சொல்லிவிடுவாள்.

ஆனி மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை முகிலன், கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் வீடு, பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. தட்டு மாற்றும் சடங்குக்கு வைத்திருந்த அரிசித் தட்டிலிருந்து தாரணியின் விரல் நைசாக நாலு மணி எடுத்து வாயில் போட்டதை நான் பார்த்துவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"மாப்பிள்ளை, இப்பவே குடை வாங்கி வச்சிருங்க. பொண்ணு மூட்டை மூட்டையா உள்ள தள்ளுது" என்றேன். சபையே சிரித்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அதோடு விட்டேனா? "நல்லா இளைச்சிருக்கே, புடவை அம்சமா இருக்கும்" என்று பாராட்டு வேறு. அவள் ஐப்பசிக் கல்யாணத்துக்காக டயட் இருந்தாள். காலையில் சீனி போடாத தே ஓ, அதாவது வெறும் சாயத் தேத்தண்ணி. மத்தியானம் நாலு கிராக்கர், இன்னொரு தே ஓ. இரவில் கமலாவின் நச்சரிப்புக்காகக் கொஞ்சம் சோறும் கீரையும், பக்கத்திலேயே மூன்றாவது தே ஓ. ரவிக்கை அளவு கொடுத்தாயிற்று, அதற்கு மேல் உடம்பு ஏறக்கூடாது என்பது லட்சியம்.

அடுத்த வாரம் கோவிலில் ரத்ததான முகாம். தாரணியும் நானும் போனோம். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் விரல் நுனியில் குத்தி ஒரு துளியை நீலத் தண்ணீரில் விடுவார்கள். ரத்தம் சத்தாக இருந்தால் துளி குடுகுடுவென்று அடியில் போய் உட்காரும்.

என் துளி போய் உட்கார்ந்தது. தாரணியுடையது பாதியில் நின்றது. பிறகு மெல்ல மேலே வந்து மிதந்தது.

மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அவள் முகத்தைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இப்ப வேண்டாம் அடிக். நல்லா சாப்பிட்டு, கிளினிக்ல காட்டிட்டு வா" என்று மலாயில், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி அன்பாகத்தான் சொன்னார். தாரணி சிரித்துக்கொண்டே எழுந்து, பழக்க தோஷத்தில் பையிலிருந்து நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிரசவ வார்டுக்குச் சாப்பாடு அனுப்பிய காலத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்... ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பவர்கள், சாக்பீஸ் தின்பவர்கள், அரிசி தின்பவர்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு இப்படிச் சம்பந்தமில்லாததையெல்லாம் மெல்லத் தோன்றும். இதை நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். என் எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் குடை ஜோக் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆளில்லை. சமையலறைக்குள் புகுந்துவிடுவேன். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஒரு பக்கம், என் ஆட்சி ஒரு பக்கம். முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல், அவித்த கடலை. கீரையோடு கொய்யாவோ எலுமிச்சையோ கட்டாயம், இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கிடையாது, அது சேர விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி.

"இது ஜெயிலா ஆண்ட்டி?"

"ஜெயில்ல கொய்யாக்கா போட மாட்டாங்க. சாப்பிடு."

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் போயிற்று. அவளுடைய சோர்வு போகவில்லை. தலைவலி, வயிற்றுப் பிசைவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "கல்யாண டென்ஷன் லா" என்றாள் கமலா. எனக்கு வேறு சந்தேகம். நான் கொடுத்தனுப்பும் டிபன் கேரியரை இவள் யாருக்காவது தானம் பண்ணுகிறாளோ? கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு நாள் மத்தியானம் அவள் வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டேன்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடைவீடு. உள்ளே நுழைந்தால் வெயில் விழுகிற இடமெல்லாம் தூசி மினுக்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேர் கதவுப் பலகைகளைச் சாய்த்து வைத்து, காய்ந்த உப்புத்தாளால் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாரணி, சட்டையெல்லாம் சாம்பல் கலந்த பச்சைப் பொடி. துணி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்தியால் சுரண்டினாள். ஊதினாள். சட்டைப் பையில் கை விட்டாள். வாயில் போட்டாள். மறுபடி சுரண்டினாள்.

நான் சரியாகப் பார்த்தேனா? நின்று பார்த்தேன். சுரண்டல், ஊதல், அரிசி. சுரண்டல், ஊதல், அரிசி. விரல் நுனியில் இருந்த பச்சைப் பொடி அரிசியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பச்சை எந்தக் காலத்துப் பெயிண்டு?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்குச் சோறே வேண்டாம். "இதுவா ஆண்ட்டி? ஜப்பான்காரன் சண்டைக்கு வர்றதுக்கும் முன்னாடி. சுவர்ல அடிச்சது சுண்ணாம்பு, அது வேற. மரத்துக்கு மட்டும் எண்ணெய்ப் பெயிண்டு. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டு இப்பவும் கல்லு மாதிரி நிக்குது பாருங்க. அதுல காரீயம் கலப்பாங்க, அதனாலதான் இந்த உறுதி."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கையில் இருந்த அரிசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாயைக் கொப்பளி. கையைக் கழுவு. வா போகலாம்" என்றேன். அன்றைக்கு டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

பெயிண்ட்டில் காரீயம் இருக்கிறது, அது உடம்புக்கு விஷம் என்று அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள், ரிப்போர்ட்டில்கூட எழுதுகிறாள். ஆனால் அது கதவில் இருக்கிற விஷயம். தன் உடம்பில் இருக்கிற விஷயமாக ஒரு நாளும் அவள் நினைக்கவில்லை. படித்தவர்கள் செய்கிற தப்பே இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். குடை ஜோக் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் இளம் பெண், தமிழ் பேசினார். ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கக்கூடாத அளவுக்குக் காரீயம் இருக்கிறது என்றார். அப்புறம் அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

நம் குடலில் இரும்பை உள்ளே கூட்டிப் போக ஒரு வாசல் இருக்கிறது. உடம்பில் இரும்பு போதவில்லை என்றால், எப்போது வரும், எப்போது வரும் என்று அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்து வைக்கும். அந்த வழியாகக் காரீயமும் புகுந்துவிடும். வயிறு காலியாக இருந்தால் இன்னும் வசதி, மறிக்க ஆளில்லை. பால், தயிர், நெத்திலி என்று சுண்ணாம்புச்சத்து குறைந்திருந்தாலும் அதே கதைதான். தாரணி மூன்றையும் செய்திருக்கிறாள். இரும்பில்லை, சுண்ணாம்பில்லை, காலை முதல் மத்தியானம் வரை பட்டினி. இரும்பு குறைந்ததால் அரிசி ஆசை. அரிசி வழியாகத் தூசி. தூசியில் காரீயம்.

"கல்யாணம் எப்ப?" என்று டாக்டர் கேட்டார்.

"ஐப்பசி கடைசி."

"கல்யாணத்துக்குத் தடையில்லை. ஆனா குழந்தை இப்ப வேண்டாம். இந்த அளவு இறங்கட்டும், இரும்பு ஏறட்டும். காரீயம் எலும்புல போய்த் தங்கும். கர்ப்ப காலத்துல அம்மா எலும்புலருந்து குழந்தைக்குச் சுண்ணாம்பு போகும்போது, அதுவும் கூடவே கிளம்பும்."

தாரணி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். திமிர் பிடித்த பெண் என்றேனே... அன்று அழுதாள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க வேணும் ஆண்ட்டி, பேருகூட வச்சிட்டேன்" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

வீட்டில் கமலா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும், அப்பறம் மெல்ல சொல்லிக்கலாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க போய்க் கிளறாம இருந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காது அக்கா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. சில சமயம் வாயை மூடிக்கொள்வதும் ஒரு பத்தியம்தான்.

தாரணி அம்மாவைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. முகிலனுக்கு அன்றைக்கே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அரிசி, பெயிண்ட், காரீயம், பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்றது... ஒன்று விடாமல். அவன் "நான் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டானாம்.

அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. கமலா என்னோடு பேசவில்லை. இருபது வருஷத்தில் முதன்முறையாக அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் லிப்டிலிருந்து முகிலன் இறங்கி வந்தான். வேலை முடிந்த கையோடு பெரிப் படகு ஏறி வந்திருக்கிறான், துறைமுகச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் இரண்டு பெரிய பை. நான் என் வாசலில்தான் நின்றேன். எட்டிப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

"ரெண்டு நாளா எங்க போனீங்க?" என்றாள் தாரணி.

"கிளினிக் கிளினிக்கா அலைஞ்சேன். ரெண்டு டாக்டருகிட்ட கேட்டேன், ரெண்டு பேரும் உன் டாக்டர் சொன்னதயேதான் சொன்னாங்க. ஒண்ணும் தெரியாம உங்கிட்ட என்ன பேசறதுன்னு புரியல."

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கணும். தப்புதான்." பையை நீட்டினான். "பிள்ளை அப்பறம் வரட்டும், ஓடியா போகுது? நீ மொதல்ல மத்தியானம் சாப்பிடு லா."

பையில் பூ இல்லை, கேக் இல்லை. கொய்யாக்காய். பாசார் சந்தையில் இருந்த கொய்யாவையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான் போல. எட்டாவது மாடி முழுக்க ஒரு வாரம் கொய்யா தின்றோம். கமலாவும் கதவைத் திறந்துவிட்டாள்.

வேலை? விட மாட்டேன் என்றாள். அளவு இறங்கும்வரை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மூன்று மாதம் ஆபீசில் உட்கார்ந்து படம் வரைந்தாள். ஆனால் ஆபீசுக்குப் போவதற்கு முன் பாஸை உட்கார வைத்துப் பேசினாள். சீனர், நல்ல மனிதர், ஆனால் இத்தனை வருஷம் இதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது காய்ந்த உப்புத்தாள் கிடையாது, தண்ணீர் தெளித்துத்தான் தேய்க்கிறார்கள். துணி மாஸ்க் போய் சரியான மாஸ்க் வந்திருக்கிறது. வாசலில் குழாயும் சோப்பும். கட்டடத்துக்குள் தின்னவும் குடிக்கவும் தடை. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகவும் தடை.

எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனையும் நடந்தது. அங்கே தச்சு வேலை செய்யும் பாக் மான் என்ற மலாய்க்காரர் ஒருவர் உண்டு. அதே கட்டடம், அதே தூசி. சொல்லப்போனால் தாரணியை விட அதிக வருஷம். அவருக்கு அளவு அவளை விட நன்றாகக் குறைவு. எப்படி?

அவரை நான் விடவில்லை, விசாரித்தேன். காலையில் நெத்திலியும் முட்டையும் வைத்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடாமல் வேலைக்கு வர மாட்டார். மத்தியானம் தொழுகைக்குக் கை, வாய், முகம் எல்லாம் கழுவுவார். தொழுதுவிட்டு அந்தக் கையோடு போய் மீன் குழம்பும் காய்கறியுமாக வயிறாரச் சாப்பிடுவார். சாயங்காலம் மறுபடி கழுவுவார். காரீயத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "பசியோட வேலை செஞ்சா கை நடுங்கும், அதான்" என்றார்.

ஒரு பாக் மானை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது என்று எனக்கும் தெரியும். உடம்புக்கு உடம்பு வேறு. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். சுற்றுச்சூழல் கேடு என்றால் நாம் புகைபோக்கியைத்தான் பார்க்கிறோம். சத்துணவு என்றால் எடை மெஷினைத்தான் பார்க்கிறோம். இரண்டும் ஒரே தட்டில் வந்து சந்திப்பதைப் பார்ப்பதில்லை. தூசியும் புகையும் எல்லார் வாசலையும் தட்டும். எந்த உடம்பில் சத்தில்லையோ, எந்த வயிறு காலியோ, அங்கே உரிமையோடு உள்ளே போய் உட்காரும். அநியாயம் என்னவென்றால், தூசி அதிகமுள்ள தெருவிலும் வேலையிலும்தான் பெரும்பாலும் காலி வயிறும் இருக்கிறது.

அதற்காக, கீரை தின்றுவிட்டுக் காரீயத்தில் புரளலாம் என்று அர்த்தமில்லை. முதலில் தூசி நிற்க வேண்டும். தண்ணீர் தெளிக்காமல், மாஸ்க் போடாமல், "தம்பி, நீ முருங்கைக்கீரை சாப்பிடு" என்று தொழிலாளிக்கு உபதேசம் பண்ணுகிற முதலாளி யாராவது இதைப் படித்தால், அவருக்கு என் வீட்டில் கொய்யாக்காய்கூடக் கிடையாது. சாப்பாடு பாதுகாப்பு தரும், பாதுகாப்புக்குப் பதிலாக நிற்காது.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. மணப்பெண்ணைப் பட்டினி போட்டு "அம்சமா இளைச்சிருக்கே" என்று பாராட்டுகிற நம்மைப் போன்றவர்கள். தாரணி இந்த ஐந்து மாதத்தில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாள். ரவிக்கை போட்டுப் பார்த்தால் கொக்கி மாட்டவில்லை. கமலா தலையில் கை வைத்தாள். லிட்டில் இந்தியா தையல்காரர் அண்ணன் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். "பிரிக்கிறதுக்குத்தானே உள்ள துணி விட்டிருக்கு" என்றார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

அளவு இறங்கிக்கொண்டு வந்தது. இரும்பு ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது எந்த ரிப்போர்ட்டாலும் இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் தாரணி தன் பழைய கைப்பையைக் கவிழ்த்து எதையோ தேடினாள். அரிசிப் பை விழுந்தது. உள்ளே வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ ஆண்ட்டி... இது இருக்கறதயே மறந்துட்டேன்" என்றாள்.

எவ்வளவு பெரிய செய்தி அது. நான் பிடுங்கவில்லை, திட்டவில்லை. உடம்புக்கு வேண்டியது கிடைத்ததும் அந்த ஆசை தானாகவே இறங்கிப் போய்விட்டது. கமலா வண்டு பிடித்த அரிசியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் அன்று பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல் வரிசை, என் பெயர் ஒட்டிய நாற்காலி. கெட்டிமேளம் கொட்டியது. முகிலன் தாலி கட்டினான். நாலா பக்கமிருந்தும் அட்சதை பறந்தது. மஞ்சள் தடவிய பச்சரிசி... தலையில், மடியில், மாலையில். ஒரு அரிசி நேராக வந்து அவள் உதட்டோரம் ஒட்டிக்கொண்டது.

தாரணி நிமிர்ந்து என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே அந்த ஒரு அரிசியை விரலால் எடுத்தாள். தூக்கிக் காட்டினாள். பிறகு முகிலன் தலையில் போட்டுவிட்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் பின்வரிசைக்காரர். இந்த முறை நான் திரும்பினேன்.

"ஐப்பசி மழை அண்ணே. பொண்ணு சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கு."